ஓடியது தவறா, உடுத்தியது தவறா? பெண்கள் விளையாட்டும் பார்வையின் வரலாறும்





சென்ற மாதம் ஒரு நாள், மஃக்ரிப் தொழுகைக்குப் பிறகு மதரஸாவின் மாலை வகுப்பு முடியும் நேரம். துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டும் ஒரு சகோதரர் வாசலில் காத்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. எட்டாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகள் என்னிடம் குர்ஆன் ஓதுபவள். அவளைப் பள்ளிக்கூடத்தின் ரிலே ஓட்டக் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். பையைப் பிரித்து, பள்ளியில் கொடுத்த சீருடையை எடுத்துக் காட்டினார். கையில்லாத ஒரு சட்டை. தொடையின் பாதிக்குக்கூட எட்டாத ஒரு கால்சட்டை.

"ஹஜ்ரத், பிள்ளை ரெண்டு நாளாச் சாப்பிடலை. நான் வேணாம்னும் சொல்லலை, சரின்னும் சொல்லலை. நீங்க சொல்லுங்க" என்றார்.

பத்து ஆண்டுகளுக்கு முன் இதே வாசலில் இதே கேள்வியை வேறொரு தந்தை கேட்டிருக்கிறார். அன்று நான் அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை. "வேண்டாம், நிறுத்திவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் பெண் ஓடுவதை நிறுத்தினாள். பின்னர் படித்து, மணமாகி, இன்று இரு குழந்தைகளுக்குத் தாய். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தன் மகனை மதரஸாவில் சேர்க்க வந்தபோது, கண்ணியம் குறையாத குரலில் ஒன்று கேட்டாள்: "ஹஜ்ரத், அன்று நான் ஓடியது தவறா, நான் உடுத்தியது தவறா?"

என்னிடம் விடை இல்லை. இரண்டையும் ஒன்றாக்கி ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கேள்விக்கு விடை தேடி நான் படித்தறிந்தவற்றின் சுருக்கமே இக்கட்டுரை.

மார்க்கம் முதலில் சொல்வது

விளையாட்டும் உடல் வலிமையும் மார்க்கத்திற்கு அந்நியமானவை அல்ல. பலவீனமான இறைநம்பிக்கையாளரைவிட வலிமையான இறைநம்பிக்கையாளர் அல்லாஹ்விடம் மேலானவர், அதிகம் நேசத்திற்குரியவர் என்ற கருத்துடைய நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. அது ஆண்களுக்கு மட்டும் என்று எந்த அறிஞரும் எல்லை வகுக்கவில்லை.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களே அறிவிக்கும் செய்தி ஒன்று உண்டு. ஒரு பயணத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்னையாருடன் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். அன்னையார் முந்தினார்கள். காலம் சென்று, அன்னையாரின் உடல் சற்றுப் பருத்தபின் மீண்டும் ஓடியபோது நபியவர்கள் முந்தினார்கள். அந்த வெற்றிக்கு இது ஈடாயிற்று என்று மகிழ்ச்சியோடு கூறினார்கள். அபூதாவூதில் இச்செய்தியைக் காணலாம். முஸ்னத் அஹ்மதில் கூடுதலாக ஒரு விவரம் உண்டு: பந்தயத்திற்கு முன் உடன்வந்த தோழர்களை முன்னால் போகும்படி நபியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

இந்த ஒரு செய்தியில் இரண்டு பாடங்கள் உள்ளன. பெண் ஓடலாம், வெல்லலாம், அந்த வெற்றியைப் பல்லாண்டு கழித்தும் பெருமையோடு நினைவுகூரலாம். அந்த ஓட்டம் பிறர் கண்களுக்கான காட்சியாக ஆகவும் கூடாது. ஓட்டம் வேறு, காட்சி வேறு. நான் பத்து ஆண்டுகளுக்கு முன் பிரித்தறியத் தவறியது இதைத்தான்.

வாசலுக்கு வெளியே நின்ற காலம்

இன்றைய விளையாட்டு உலகம் பெண்ணை எவ்வாறு நடத்தி வந்திருக்கிறது என்பதைப் பார்ப்போம். 1896-இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இடமே இல்லை. 1900-இல் பாரிஸில் கலந்துகொண்ட 997 பேரில் 22 பேர் மட்டுமே பெண்கள். அந்த ஆண்டு டென்னிஸில் வென்ற சார்லட் கூப்பர் கணுக்கால்வரை நீண்ட ஆடையில்தான் ஆடினார்.

நவீன ஒலிம்பிக்கின் தந்தை எனப்படும் பியர் தெ கூபர்த்தென் 1912-இல் எழுதியபோது, பெண்களின் ஒலிம்பிக் என்பது நடைமுறைக்கு ஒவ்வாதது, சுவையற்றது, பார்ப்பதற்கும் அழகற்றது என்ற கருத்தை முன்வைத்தார். பெண்ணின் பங்கு கைதட்டுவதே என்பது அவர் எண்ணம். 'பார்ப்பதற்கு அழகற்றது' என்ற காரணத்தைக் கவனியுங்கள். பெண் விளையாடுவதைப் பற்றிய முடிவு, பார்ப்பவனுடைய கண்ணை வைத்து அன்றே எடுக்கப்பட்டது.

1928-இல் ஆம்ஸ்டர்டாமில் முதன்முறையாகப் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். இறுதிச் சுற்றில் ஓடிய 9 பெண்களும் ஓட்டத்தை முடித்தார்கள். ஆயினும் அவர்கள் வரிசையாக மயங்கி விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அதன் விளைவாக 1960-ஆம் ஆண்டுவரை, 32 ஆண்டுகள், அந்தத் தூரம் பெண்களுக்கு மூடப்பட்டிருந்தது. பெண்ணை விளையாட்டிலிருந்து விலக்கிவைத்தது முஸ்லிம்கள்தான் என்று பேசுவோர் இந்த வரலாற்றையும் படிக்க வேண்டும்.

உள்ளே விட்டார்கள், ஒரு விலையோடு

பிறகு வாசல் திறந்தது. ஆனால் உள்ளே வருவதற்கு ஒரு விலை கேட்டார்கள். 1949-இல் விம்பிள்டனில் கஸ்ஸி மோரான் என்ற அமெரிக்க வீராங்கனை, பாவாடைக்குள் சரிகை வைத்த உள்ளாடை தெரியும்படி ஆடினார். புகைப்படக்காரர்கள் அவருடைய ஆட்டத்தை விட்டுவிட்டு, அந்தச் சரிகையைப் படமெடுக்கத் தரையில் படுத்தார்கள். அவர் எப்படி ஆடினார் என்பதை இன்று அறிந்தவர்கள் மிகச் சிலர். சரிகையை மட்டும் வரலாறு நினைவில் வைத்திருக்கிறது.

தொலைக்காட்சி வந்தபின் இந்தப் பார்வை வணிகமானது. போட்டியை ஒளிபரப்பும் நிறுவனத்துக்குப் பார்வையாளர் எண்ணிக்கை வேண்டும். விளம்பரதாரர் அந்த எண்ணிக்கைக்கே பணம் தருகிறார். சங்கங்கள் அந்தப் பணத்தில் இயங்குகின்றன. இந்தச் சங்கிலியில் பெண்ணின் திறமையைவிட அவளுடைய உடல் எளிதாக விலைபோகும் சரக்காயிற்று. 1990-களின் இறுதியில் உலகில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட வீராங்கனைகளுள் ஒருவர் டென்னிஸ் ஆடிய அன்னா கூர்னிகோவா. அவர் திறமையற்றவர் அல்லர். 2000-இல் உலகத் தரவரிசையில் 8-ஆம் இடம்வரை உயர்ந்தவர். ஆயினும் ஒற்றையர் சுற்றுப்பயணப் பட்டம் ஒன்றுகூட வெல்லாத அவரை விளம்பர உலகம் கொண்டாடியது. பட்டங்கள் பல வென்றவர்கள் பின்னே நின்றார்கள்.

சட்டத்திலேயே அரைகுறை ஆடை எழுதப்பட்டதும் உண்டு. 1996-இல் அட்லாண்டாவில் கடற்கரைக் கைப்பந்து ஒலிம்பிக்கில் சேர்ந்தது. பெண்களின் கீழாடையின் பக்கவாட்டு அகலம் 7 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அக்காலத்து விதி. ஆண்களோ தொடை மறைக்கும் கால்சட்டையோடு அதே மணலில் ஆடினார்கள். பந்து ஒன்று, வலை ஒன்று, மணல் ஒன்று. ஆடை மட்டும் வேறு. இந்த விதி 2012-இல்தான் தளர்த்தப்பட்டது.

2004-இல் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த செப் பிளாட்டர், பெண்கள் கால்பந்தைப் பிரபலமாக்க வீராங்கனைகள் இறுக்கமான கால்சட்டை அணியலாம் என்று யோசனை சொன்னார். 2011-இல் உலக இறகுப்பந்துக் கூட்டமைப்பு, ஆட்டத்தின் கவர்ச்சியைக் கூட்டுவதற்காகப் பெண்கள் பாவாடை அணிந்தே ஆட வேண்டும் என்று விதி கொண்டுவர முயன்றது. வீராங்கனைகளே எதிர்த்ததால் அடுத்த ஆண்டு அது கைவிடப்பட்டது.

2021 ஜூலையில் நடந்ததை உங்களில் பலர் செய்தியில் பார்த்திருப்பீர்கள். பல்கேரியாவில் நடந்த ஐரோப்பியக் கடற்கரைக் கைப்பந்தாட்டப் போட்டியில், எறிபந்து போன்ற அந்த ஆட்டத்தில், நார்வே நாட்டுப் பெண்கள் பிகினிக்குப் பதிலாகக் குட்டைக் கால்சட்டை அணிந்து ஆடினார்கள். அதற்காக அக்குழுவுக்கு 1,500 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. அவர்கள் முஸ்லிம் பெண்கள் அல்லர். ஹிஜாப் கேட்கவும் இல்லை. இன்னும் ஒரு சாண் துணி கேட்டார்கள், அவ்வளவுதான். உலகெங்கும் எழுந்த கண்டனத்தால் அதே ஆண்டு அந்த விதி மாற்றப்பட்டது. அதே ஜூலை மாதத்தில் இங்கிலாந்தில் ஒலிவியா பிரீன் என்ற மாற்றுத்திறன் ஓட்ட வீராங்கனையிடம் ஓர் அதிகாரி, உங்கள் உடை மிகவும் குட்டையாக இருக்கிறது என்று குறை சொன்னார். ஓரிடத்தில் அதிகம் மூடினால் குற்றம், இன்னோரிடத்தில் குறைவாக மூடினால் குற்றம். அந்தப் பெண்களின் விருப்பம் இரண்டு இடங்களிலும் கடைசியில்தான் வந்தது.

மூடியவர்களை வெளியேற்றிய காலம்

இதே காலத்தில் நம் சகோதரிகளுக்கு என்ன நேர்ந்தது? 2011 ஜூனில் ஜோர்டானின் அம்மான் நகரில் ஒலிம்பிக் தகுதிச்சுற்று ஆட வந்த ஈரான் பெண்கள் கால்பந்துக் குழு, தலையை மறைத்த ஆடை காரணமாக ஆட்டம் தொடங்கும் முன்பே தடுக்கப்பட்டது. மைதானத்தில் அவர்கள் அழுதார்கள். கழுத்தை இறுக்கும், ஆபத்து என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 2014-இல் அத்தடை முழுவதுமாக நீக்கப்பட்டது. 2023-இல் மொராக்கோவின் நுஹைலா பென்சினா ஹிஜாபுடன் பெண்கள் உலகக் கோப்பையில் ஆடினார். எந்த ஆபத்தும் நேரவில்லை.

2014-இல் தென்கொரியாவின் இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் கத்தார் பெண்கள் கூடைப்பந்துக் குழு, ஹிஜாபைக் கழற்றச் சொன்னதால் ஆடாமலே திரும்பியது. அந்த விதி மாற 2017 ஆயிற்று. 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில்கூட, பிரான்சு தன் சொந்த நாட்டு வீராங்கனைகளுக்கு ஹிஜாபைத் தடை செய்தது. ஓட்ட வீராங்கனை சுன்கம்பா சில்லா, தொடக்க விழாவில் ஒரு தொப்பியால் தலையை மறைத்துத்தான் கலந்துகொள்ள முடிந்தது.

ஒரு பக்கம் கழற்று என்பது. மறு பக்கம் மூடியவளை வெளியே போ என்பது. இரண்டும் ஒரே கையின் இரு விரல்கள்.

நம் நாட்டில், நம் சமுதாயத்தில்

1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தைத் தவறவிட்டார். அந்த வருத்தத்தை நம் நாடு இன்றும் சொல்கிறது. அதே ஓட்டத்தில் தங்கம் வென்றவர் மொராக்கோவின் நவால் அல்-முத்தவக்கில் என்ற முஸ்லிம் பெண் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

2005-இல் ஹைதராபாத்தில் டபிள்யூடிஏ பட்டம் வென்று, அவ்வாறு வென்ற முதல் இந்தியப் பெண் என்ற பெயரைப் பெற்றார் சானியா மிர்சா. அதே ஆண்டு அவருடைய ஆடை பற்றிய கண்டனங்கள் செய்திகளை நிறைத்தன. கொல்கத்தாவில் அவர் ஆடியபோது பாதுகாப்பைப் பலப்படுத்த வேண்டியதாயிற்று. ஆடை பற்றிய மார்க்கச் சட்டம் எனக்குத் தெரியும். அதை நான் மறைக்கவோ தளர்த்தவோ வரவில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். விளம்பரக்காரர்கள் அந்தப் பெண்ணின் ஆடையைப் பார்த்தார்கள். நாமும் அவருடைய ஆடையையே பார்த்தோம். பதினெட்டு வயதுப் பெண்ணின் உழைப்பை அவர்களும் பார்க்கவில்லை, நாமும் பார்க்கவில்லை. நஸீஹத் என்பது தனிமையில், பரிவோடு சொல்லப்படுவது. தொலைக்காட்சியில் சொல்லப்படும்போது அதுவும் ஒரு காட்சியாகிவிடுகிறது.

நம் தமிழ்நாட்டுப் பெண் ஒருவருக்கு நேர்ந்தது இன்னும் கொடியது. புதுக்கோட்டை மாவட்டத்தில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்ற பெயரில் அவருடைய உடல் ஆராயப்பட்டு, பதக்கம் பறிக்கப்பட்டது. ஒரு பெண்ணின் அந்தரங்கம் நாளேடுகளின் தலைப்பாயிற்று. 1966-இல் புடாபெஸ்டில் வீராங்கனைகளை ஆடையின்றி மருத்துவர் குழுவின் முன் நடக்கவைத்த வழக்கத்தின் தொடர்ச்சி அது. மறைக்கப்பட வேண்டியதை மறைக்கும் பண்பு நம் மார்க்கத்தில் உயர்ந்த நற்செயல். அந்தச் சகோதரி முஸ்லிம் அல்லர் என்பதால் அவருக்கான நீதி நம் கவலை இல்லை என்று ஆகிவிடாது.

2023-இல் டெல்லி ஜந்தர் மந்தரில் மல்யுத்த வீராங்கனைகள் அமர்ந்ததையும் கண்டோம். தம் கூட்டமைப்பின் அன்றைய தலைவர் மீது அவர்கள் பாலியல் துன்புறுத்தல் புகார் சொன்னார்கள், அவர் மறுத்தார், வழக்கு நீதிமன்றம் சென்றது. 2021 மே மாதத்தில் நம் சென்னையிலேயே தடகளப் பயிற்சியாளர் ஒருவர் போக்சோ சட்டத்தில் கைதானார். பெண்ணின் உடலைச் சரக்காகப் பார்க்கும் உலகம், சில இடங்களில் கையையும் நீட்டுகிறது. பெற்றோர் அஞ்சுவதில் நியாயம் உண்டு.

யாருடைய கண்?

அல்லாஹ் தன் திருமறையில் அந்நூர் அத்தியாயத்தின் 30-ஆம் வசனத்தில் ஆண்களை நோக்கிப் பார்வையைத் தாழ்த்தச் சொல்கிறான். பெண்களுக்கான கட்டளைகள் 31-ஆம் வசனத்தில் வருகின்றன. இரண்டும் கடமையே. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். நான் பல ஆண்டுகள் ஜும்ஆ மேடைகளில் 31-ஆம் வசனத்தையே விரித்துப் பேசினேன். 30-ஆம் வசனத்தை ஓதிவிட்டுக் கடந்துபோனேன்.

இறுதி ஹஜ்ஜின்போது கஸ்அம் குலத்துப் பெண் ஒருவர், முதிய தந்தைக்காகத் தாம் ஹஜ் செய்யலாமா என்று கேட்க நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். நபியவர்களின் பின்னே ஒட்டகத்தில் இருந்த இளைஞர் ஃபள்லு இப்னு அப்பாஸ் (ரலி) அந்தப் பெண்ணைப் பார்க்கத் தொடங்கினார். நபியவர்கள் ஃபள்லின் முகத்தை மறுபக்கம் திருப்பினார்கள். புகாரியில் உள்ள செய்தி இது. அந்தப் பெண்ணைப் போகச் சொல்லவில்லை. அவளுடைய கேள்விக்கு விடையும் தந்தார்கள். திருப்பப்பட்டது இளைஞரின் முகம்.

நம் வீடுகளில் எத்தனை மகன்களின் முகத்தை நாம் திருப்பியிருக்கிறோம்? டோல்கேட் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நெடுஞ்சாலையில் நடந்தால், ஜிம் விளம்பரங்களின் ஃபிளெக்ஸ் போர்டுகளைக் காண்கிறோம். அவற்றில் உள்ள பெண் பெரும்பாலும் உடற்பயிற்சி செய்வதில்லை, நின்றுகொண்டிருக்கிறாள். அதே படங்கள் ரீல்ஸாக நம் பிள்ளைகளின் கைப்பேசியில் நள்ளிரவு வரை ஓடுகின்றன. மகளின் விளையாட்டுச் சீருடைக்காக மதரஸாவுக்கு வரும் தந்தையர் உண்டு. மகனின் கைப்பேசிக்காக வந்த தந்தையை இதுவரை நான் கண்டதில்லை.

நம் தெருக்களின் பெருமை

வடசென்னை கேரம் பலகைகளின் ஊர். கன்டெய்னர் லாரிகளும் மீன் கூடைகளும் இடமின்றி நெருக்கும் சந்துகளில், மைதானம் இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு மரப்பலகையே மைதானம். வியாசர்பாடியின் இளவழகி 2008-இல் உலகப் பட்டம் வென்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில், புது வண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, தனிநபர், இரட்டையர், குழு என மூன்று தங்கம் வென்றார். தமிழக அரசு அவருக்கு ஒரு கோடி ரூபாய் வழங்கியது. நமக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் தொலைவில் வளர்ந்த பிள்ளை! அவரைக் கண்டவர்கள் பேசியது விரலின் குறியைப் பற்றி, ஸ்ட்ரைக்கரின் வேகத்தைப் பற்றி. விளையாட்டை விளையாட்டாகப் பார்க்கவும் நம் மக்களுக்குத் தெரியும் என்பதற்கு இதுவே சான்று.

எல்லாப் பிள்ளைகளும் கேரம் ஆட மாட்டார்கள். ஓட விரும்பும் பிள்ளைக்குப் பலகை மாற்று ஆகாது. நீரிழிவும் மூட்டுவலியும் நம் தாய்மார்களை நாற்பது வயதிலேயே முடக்குவதைக் காண்கிறோம். மகள்களின் கால்களை நாம் கட்டிப்போட்டால், அந்த நோயை நாமே அவர்களுக்குச் சீதனமாகக் கொடுக்கிறோம்.

என்ன சொன்னேன்

அந்தச் சகோதரரிடம் அன்று இரவு இவ்வளவு விரிவாகப் பேசவில்லை. "மகள் ஓடட்டும், இந்த உடையில் வேண்டாம். பள்ளியில் கேட்போம்" என்றேன். மறுநாள் இருவரும் பள்ளிக்குச் சென்றோம். முழுக்கை உள்சட்டை, தளர்வான முழுநீள டிராக் பேண்ட், தலைக்கு இறுக்கமில்லாத துணி, இவற்றின் மேல் பள்ளியின் சட்டை. இதற்கு அனுமதி கேட்டோம். பயிற்சிக்கு வருவது ஆசிரியையா ஆசிரியரா, பயிற்சி நேரத்தில் தாய்மார் வந்து அமரலாமா, படங்களை வலைத்தளங்களில் போடாமல் இருக்க முடியுமா என்றும் கேட்டோம். உடற்கல்வி ஆசிரியை ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "இதுவரை யாரும் கேட்கவே இல்லையே" என்றார். அவர் முகம் சுளிக்கவில்லை. மற்ற மூன்று பிள்ளைகளின் தாய்மாரும், அவர்களில் இருவர் இந்துக்கள், ஒருவர் கிறிஸ்தவர், தங்கள் பிள்ளைகளுக்கும் நீளமான கால்சட்டையே வேண்டும் என்று பின்னர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

பத்து ஆண்டுகளுக்கு முன் நான் செய்யத் தவறியது இந்தக் கால்மணி நேர நடையைத்தான். கேட்டிருந்தால் மறுத்திருக்கலாம், மறுத்தால் வேறு வழி பார்த்திருக்கலாம். கேட்காமலே ஒரு பிள்ளையின் ஓட்டத்தை நிறுத்தினேன்.

சென்ற வெள்ளிக்கிழமை அந்தச் சகோதரி மகனை அழைத்துப்போக வந்தபோது, இரண்டு ஆண்டுகளாகக் கடனாக இருந்த விடையைச் சொன்னேன்: "நீ ஓடியது தவறில்லை அம்மா. உன்னிடம் கொடுத்த உடை சரியில்லை. அதை மாற்றிக் கேட்க வேண்டியது நீயல்ல, நாங்கள்." அவள் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "என் மகளுக்கு இப்போது நாலு வயசு, ஹஜ்ரத்" என்று மட்டும் சொன்னாள்.

அல்லாஹ் நம் பார்வைகளைத் தூய்மையாக்குவானாக! நம் பெண்மக்களுக்கு வலிமையையும் வெட்கத்தையும் ஒருசேர வழங்குவானாக! தெரியாமல் நாம் அளித்த தீர்ப்புகளை மன்னிப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.